தனி வாளி கேட்டவர்

உலகத்தில் சுத்தமாக இருப்பவர்கள் உண்டு. சுத்தம் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டும் வேறு வேறு இனம். முன்னவர் குளிப்பார். பின்னவர், மற்றவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்ப்பார். இந்தப் பின்னவரைத்தான் உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். மலாக்காவில் தடுக்கி விழுந்தால் இவர்மேல்தான் விழ வேண்டும். நாம் விழுவதற்குள் அவர் விலகிக்கொள்வார் என்பது வேறு விஷயம்.

இவரிடம் போய் "ஜாதி பார்ப்பீர்களா?" என்று கேட்டுவிடாதீர்கள், மனம் நொந்துபோவார். "சேச்சே, அந்தக் கருமமெல்லாம் கப்பல்லயே போச்சு. நமக்கு வேண்டியது சுத்தம், அவ்வளவுதான்" என்பார். சொல்லிவிட்டு, பின்சந்தில் கக்கூஸ் வாளி எடுக்க வருபவர் எதுவரை வரலாம் என்று சுண்ணாம்பால் கோடு போட்டு வைப்பார். வாளிக்காரர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டால் இடுப்புயரத்திலிருந்து கையில் ஊற்றுவார். கொடுக்கிற பழையதைச் சுவர்மேல் வைத்துவிட்டு நாலடி பின்வாங்குவார். வாளிக்காரர் எடுத்துக்கொண்டு போனதும் சுவரைக் கழுவுவார். சுவர் என்ன பாவம் செய்தது? அதை அவரிடம்தான் கேட்க வேண்டும்.

காஜா பேராங்கில், எங்கள் தெருவில் இருந்த இந்த இனத்து மாதிரியின் பெயர் கலியாணசுந்தரம். துறைமுகத்துக் கம்பெனி ஒன்றில் கணக்கெழுதும் கிராணி வேலை. வெள்ளைக்காரன் ஓடிய அன்றே வேலையும் ஓடிவிட்டது. ஜப்பான்காரன் வந்த இரண்டாம் வருஷம் ஊரில் சவுக்காரம் கண்ணால் பார்க்கக் கிடையாது. எல்லாரையும் போல அவரும் சாம்பலைத் தேய்த்துக் குளித்தார், ஒரே சட்டையை நாலு நாள் போட்டார். நகரசபை வாளிக்காரர்களை மேய்க்கிற மண்டோராக, அதாவது மேஸ்திரியாக, இருந்த மருதமுத்துவோ, மேலிடம் கொடுத்த கார்பாலிக் சவுக்காரக் கட்டியைப் போட்டு தினம் இரண்டு வேளை குளித்தார். ஆனாலும் சுண்ணாம்புக் கோடு இருந்த இடத்திலேயே இருந்தது.

அப்புறம் சியாம் ரயில் வந்தது. ரயில் வரவில்லை; சியாம் காட்டில் தண்டவாளம் போட ஆள் பிடிக்கும் லாரி வந்தது. வேலையில்லாத ஆம்பிளை தெருவில் நின்றால் தீர்ந்தது, ஏற்றிக்கொண்டு போய்விடுவார்கள். போனவர்களில் திரும்பி வந்த ஒருவரையும் நாங்கள் பார்க்கவில்லை. லாரிச் சத்தம் கேட்டால் வீட்டுக்கு வீடு ஆம்பிளைகள் பின்கதவு வழியாக ஓடுவார்கள். அந்த லாரி தொடாமல் விட்டது ஒரே கூட்டத்தைத்தான்: கையில் முத்திரைத் துணி கட்டிய வாளிக்காரர்களை. பட்டாளத்தின் கக்கூஸையும் யாராவது எடுக்க வேண்டுமே.

சியாமுக்கு ஆள் அனுப்பும் பட்டியலில் தன் பேர் ஏறிவிட்டதாகக் கேள்விப்பட்ட அன்று சாயங்காலம், கலியாணசுந்தரம் மருதமுத்து குடியிருந்த லயத்து வீட்டுக்குப் போனார். எங்கள் தெருவுக்குக் குடிவந்த பதினொரு வருஷத்தில் முதல் தடவை.

"மருதமுத்து அண்ணே" என்றார்.

மருதமுத்து பதறி எழுந்தார். "ஐயா, கிட்ட வராதீங்க. இப்பதான் வேல முடிஞ்சு வந்தேன். இன்னும் குளிக்கல."

"அதுக்கென்னண்ணே. எனக்கும் அந்த முத்திரைக் கைத்துணி ஒண்ணு வேணும்."

"துணி மட்டும் குடுக்க முடியாதுங்க. வாளியும் தூக்கணும்."

"தூக்குறேன். ஒண்ணே ஒண்ணு, வாளி எனக்குன்னு தனியா இருக்கணும். யாரும் தொடாத வாளியா. தப்பா நெனைக்காதீங்க, சுத்தத்துக்காகத்தான் சொல்றேன்."

"எங்க வாளியில இருக்கறதும் உங்க தெருவுல எடுத்ததுதாங்க" என்றார் மருதமுத்து. ஆனாலும் புது வாளி ஒன்று கொடுத்தார். கலியாணசுந்தரம் அதன் கைப்பிடியில் மஞ்சள் நூல் கட்டி அடையாளம் வைத்தார், மற்ற வாளிகளோடு மாறிவிடக் கூடாதாம். தெங்கேராப் பக்கத்து வீடுகளில் எடுத்ததையெல்லாம் அதில் நிரப்பிக்கொண்டு, மற்ற வாளிக்காரர்களுக்கு எட்டடி பின்னால் நடப்பார். அவர்களிடமிருந்து ஏதாவது ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது?

ஒரு நாள் காலை, வாளிகள் வைக்கும் கொட்டகைக்கு ஜப்பான் அதிகாரி ஒருவர் வந்தார். கூடவே தமிழ் தெரிந்த துபாஷி. ஊரில் போலி வாளிக்காரர்கள் பெருத்துவிட்டார்களாம், சோதிக்க வந்திருக்கிறார்கள். வாசலில் இன்ஜினை அணைக்காமல் லாரி நின்றது. பதினொரு பேர் தோளோடு தோள் உரச வரிசையாக நின்றார்கள். அதற்கப்புறம் ஓர் ஆள் படுக்கிற அளவு இடைவெளி. அதற்கும் அப்புறம் கலியாணசுந்தரம், மஞ்சள் நூல் கட்டிய வாளியோடு.

அது கோப்பி நேரம். மருதமுத்துவின் மனைவி அஞ்சலை, சாக்கடை கூட்டுகிறவள், கருக்கிய சோளக் கோப்பியை ஒரே தகரக் குவளையில் ஊற்றிக் கொடுப்பது வழக்கம். ஆளுக்கு இரண்டு மிடறு வாய் வைத்துக் குடித்துவிட்டு அடுத்தவரிடம் நீட்டுவார்கள். நடக்கட்டும் என்று அதிகாரி கையைக் காட்டினார். குவளை பதினொரு வாய் தாண்டி, இடைவெளியையும் தாண்டி, கலியாணசுந்தரத்திடம் வந்தது. உயிர் போகிற நேரம்தான். ஆனாலும் பழக்கம் என்று ஒன்று இருக்கிறதே. தலையை அண்ணாந்து, குவளை உதட்டில் படாமல், ஓரடி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டார். ஒரு சொட்டு சிந்தவில்லை.

"நீ மட்டும் ஏன் வாய் வைக்கல?" என்றார் துபாஷி. "நீ இவங்க ஆளுதானா?"

ஒரு சிப்பாய் லாரியின் பின்கதவை இறக்கிவிட்டான்.

"அவரு எங்க வீட்டுக்காரருக்குச் சொந்தத் தம்பிங்க" என்றாள் அஞ்சலை. "வாயில புண்ணு, ஒட்டிக்கிற வியாதி. மத்தவங்களுக்கு வந்துடக் கூடாதுன்னுதான் தள்ளி நிக்கிறாரு, தூக்கிக் குடிக்கிறாரு."

துபாஷி அதை மொழிபெயர்த்தார். அதிகாரி சட்டென்று பின்வாங்கினார். லாரி காலியாகவே திரும்பிப் போயிற்று.

வீட்டுக்குப் போனதும் கலியாணசுந்தரம் மனைவி லலிதாம்பாளிடம் சொன்ன முதல் வார்த்தை தெருவுக்கே கேட்டது. "வியாதின்னு சொன்னா, சரி, பொறுத்துக்கிட்டேன். அதோட நிறுத்தியிருக்கலாம்ல? தம்பின்னு ஏன் சொல்லணும்?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பொய் சொன்னது தெரிந்திருந்தால் அவளையும் அவள் புருஷனையும் சும்மா விட்டிருப்பார்களா? நன்றி என்று ஒரு சொல் கூடவா இந்த மனிதருக்கு வராது?

கொட்டகையில் நடந்ததெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்தப் பதினொரு பேரில் கடைசி ஆள் நான்தான். பள்ளிக்கூடம் மூடியதும் சியாமுக்குப் பயந்து, அவருக்கு ஒரு மாசம் முன்னாலேயே மருதமுத்துவிடம் போய் நின்ற வாத்தியார். தனி வாளி கேட்கவில்லை. தோள் உரச நின்றேன். குவளையில் வாய் வைத்தே குடித்தேன். என்ன பெருந்தன்மை பாருங்கள்.

அன்று காலை லாரி போனதும் கொட்டகைக்குப் பின்னால் குழாயடிக்குப் போய் வாய் கொப்பளித்தேன். நிமிர்ந்தால், குவளை கழுவ வந்த அஞ்சலை நிற்கிறாள். நான் முடிக்கிற வரைக்கும் தள்ளி நின்று காத்திருந்தாள்.

எத்தனை தடவை கொப்பளித்தேன் என்று சொல்லப்போவதில்லை. நீங்களாக இருந்தால் எத்தனை தடவை என்று மனசுக்குள் எண்ணிப் பாருங்கள். ஒன்று என்று வந்தாலே போதும், நீங்களும் நம்ம ஆள்தான்.