கால் எரியாத ஷூ

இன்பராஜ் பெப்பர்மிண்டை வாயில் போட்ட நேரம் பார்த்து முதலாளி மக்பூல் அகமது பக்கத்தில் வந்து நின்றார்.

"மாஸ்டர், வாயில இன்னா?"

"தொண்டை கரகரங்குது பாய்."

அதைச் சொல்வதற்குள் வறண்ட நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு பேச்சு குளறியது. முதலாளி ஒரு தடவை மூக்கை உறிஞ்சிப் பார்த்தார். குடித்துவிட்டு வருகிறவர்கள்தான் வேலை நேரத்தில் பெப்பர்மிண்ட் மெல்லுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

இன்பராஜ் வாழ்நாளில் குடித்ததில்லை. ஆம்பூர் பைபாஸ் ஓரத்தில் இருக்கிற அந்த ஷூ ஃபேக்டரியில் அவர் சாம்பிள் மாஸ்டர். புது மாடல் எதுவானாலும் முதல் ஜோடி அவர் கையில்தான் பிறக்கும். ஊரே தோலை நம்பிப் பிழைக்கிறது, அந்தத் தோலோ தன் பேச்சைத்தான் கேட்கிறது என்பது அவர் எண்ணம். தற்பெருமையா என்றால், ஆமாம், தற்பெருமைதான். அதற்கு அத்தாட்சியாக அவருடைய கால்களே இருந்தன.

ரொம்ப நாளாக உள்ளங்காலில் எரிச்சல், மிளகாய்ப் பொடியில் நிற்கிற மாதிரி. தனக்கென்று ஒரு ஜோடி செய்துகொண்டார். உள்ளே மெத்தென்று ஆட்டுத்தோல், அதற்கடியில் பஞ்சு மெத்தை. போட்டுக்கொண்ட ஒரு மாதத்தில் எரிச்சல் போன இடம் தெரியவில்லை. மக்பூல் அகமது பூரித்துப்போய், அதற்குக் 'கால் எரியாத ஷூ' என்று பெயரும் வைத்து, மொத்தமாகக் கொள்முதல் செய்கிற வெளிநாட்டுப் பையரை வரவழைத்துவிட்டார். ஆர்டர் கிடைத்தால் மூடிக்கிடக்கிற இரண்டாவது மிஷின் லைன் மறுபடி ஓடும். பையர் முன்னால் இன்பராஜே போட்டு நடந்து காட்ட வேண்டும்.

இதற்கு நடுவில்தான் அந்த மாத்திரை.

எரிச்சல் தாங்காமல் புலம்பிய நாட்களில் மனைவி ரோஸ் அவரை வேலூர் டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போயிருந்தாள். டாக்டர் நிதானமாக ஏதோ விளக்கினார். இன்பராஜின் கண் மேஜைக்கு அடியில், டாக்டரின் ஷூவில் இருந்தது. குதிகால் தையல் கோணல். அப்புறம் நெஞ்சில் வயர் ஒட்டி ஈசிஜி எடுத்தார்கள். கால் எரிகிறவனுக்கு நெஞ்சில் என்ன வேலை என்று அப்போதே உறுத்தியது. வீட்டுக்கு வந்து மாத்திரையின் பெயரைப் போனில் தட்டினார். அமிட்ரிப்டிலின்: மனச்சோர்வுக்கான மருந்து என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது.

அப்படியே உட்கார்ந்துவிட்டார். கால் எரிகிறது என்று போனவனை மனசு சரியில்லாதவன் என்று முடிவு கட்டி அனுப்பியிருக்கிறார்கள். ரோஸிடம் கேட்கவில்லை. பாவம், அவள் வெளியே சொல்லாமல் மறைக்கிறாள் என்று நினைத்தார். சாப்பாடு முடிந்ததும் அவள் மாத்திரையை நீட்டி, "போட்டுக்கோங்க, சரியாய்டும்" என்பாள். அவள் முகத்துக்காக விழுங்குவார்.

எரிச்சல் போனதென்னவோ நிஜம். ஆனால் வாய் வறண்டது. பெப்பர்மிண்ட் சந்தேகத்தைக் கிளப்பியதால் தண்ணீருக்கு மாறினார். பாட்டில் பாட்டிலாகக் குடித்த தண்ணீர் லேசில் வெளியேறவில்லை. பாத்ரூமில் நின்றார், நின்றுகொண்டே இருந்தார். வெளியே வந்தால் வாசலில் முதலாளி.

"இவ்ளோ நேரம் உள்ள இன்னா பண்ணீங்க மாஸ்டர்?"

"மாடல் யோசிச்சேன் பாய்."

இனி உட்கார்ந்தே வேலை பார்ப்போம் என்று ஸ்டூலைப் பிடித்தார். உட்கார்ந்தால் கண் சொருகியது. கூப்பிட்ட குரலுக்குச் சட்டென்று எழுந்தால் தலை சுற்றியது. சுற்றிய வேகத்தில் முதலாளியின் தோளையே பிடித்துத் தொங்கினார்.

"பையர் வர்ற நேரத்துல பேஜார் பண்ணாதீங்க. நெஜத்தைச் சொல்லுங்க, குடிக்கிறீங்களா?"

"கர்த்தர் சாட்சியா இல்ல பாய்."

"அப்போ வேற இன்னா?"

மனச்சோர்வுக்காரன் செய்த ஷூவை எவன் வாங்குவான்? "பல்லு வலி," என்றார் இன்பராஜ்.

"பல்லு வலிக்குத் தலை சுத்துமா?"

"ஜாஸ்தி வலி பாய்."

அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தார். ரோஸ் கொடுக்கிற மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கி, அவள் திரும்பியதும் கட்டிலுக்குக் கீழே கிடந்த பழைய ஷூவின் முனையில் போட்டுவிடுவார். வாய் ஈரமானது. ஆனால் தூக்கம் ஓடிப்போனது, வயிறு குமட்டியது, யாரைப் பார்த்தாலும் எரிந்து விழுந்தார். பையர் வந்த காலையில் உள்ளங்காலும் எரிய ஆரம்பித்தது.

பையர் உயரமான ஒரு வெள்ளைக்கார அம்மாள். "நடங்க மாஸ்டர்," என்றார் மக்பூல் அகமது, மகனை மேடையேற்றுகிற தகப்பனின் முகத்தோடு. இன்பராஜ் சிரித்தபடி நடந்தார். பாதி தூரத்தில் சிரிப்பு கோணியது. திரும்பும்போது தாங்க முடியவில்லை. கால் எரியாத ஷூ இரண்டையும் கழற்றி வீசிவிட்டு, மூலையில் இருந்த தண்ணீர் பக்கெட்டுக்குள் இறங்கி நின்றார்.

"காலைலயேவா மாஸ்டர்?" என்றார் முதலாளி, உடைந்த குரலில்.

அந்த நேரம் பார்த்து ரோஸ் மூச்சிரைக்க உள்ளே வந்தாள். கையில் பழைய ஷூ.

"ஏங்க, வீடு பெருக்கும்போது கிடைச்சுது. இதெல்லாம் இன்னா?"

கவிழ்த்தாள். மாத்திரைகள் தரையில் உருண்டன. லைனில் மிஷின்கள் நின்றுவிட்டன.

இன்பராஜ் பக்கெட்டில் நின்றபடியே நிமிர்ந்தார்.

"நான் குடிகாரன் இல்ல பாய். எனக்கு மனச்சோர்வு. அதுக்குத்தான் டாக்டர் மாத்திரை குடுத்தாரு. வெக்கப்பட்டு மறைச்சேன், பையர் வர்றாங்கன்னு பயந்து நிறுத்திட்டேன். இனிமே மறைக்க மாட்டேன். கால் ஒடைஞ்சா கட்டுப் போடறோம், மனசுக்கு மருந்து சாப்புட்டா இன்னா கேவலம்? இந்த ஷூ மனச்சோர்வுக்காரன் செஞ்சது. இதைவிட நல்லா ஒருத்தன் செஞ்சு காட்டட்டும்."

மக்பூல் அகமது கிட்டே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கியிருந்தது.

"ரெண்டாவது லைனை மூடினப்போ நானும் இதே மாத்திரைதான் சாப்ட்டேன் மாஸ்டர். அது இல்லேன்னா நான் எழுந்தே வந்திருக்க மாட்டேன். இவ்ளோ நாள் யார்கிட்டயும் சொல்லல. உங்க தைரியம் எனக்கு இல்லாமப் போச்சு."

யாரோ பையரம்மாவுக்கு ஆங்கிலத்தில் சொன்னார்கள். அவர் கை தட்டினார், லைன் மொத்தமும் தட்டியது. பக்கெட்டுக்குள் நின்ற இன்பராஜுக்கு அப்படி ஒரு பெருமை அதற்கு முன் வந்ததில்லை.

கைதட்டல் அடங்கியதும் பையரம்மா ஷூவைக் கையில் எடுத்து ஏதோ கேட்டார். முதலாளி தலையைச் சொறிந்தார்.

"அவங்க கேக்கறதும் நியாயம்தான். இது கால் எரியாத ஷூவாச்சே, அப்போ இன்னைக்கு மட்டும் ஏன் எரியுது?"

அதுவரை ஒன்றும் புரியாமல் நின்றிருந்த ரோஸ் வாயைத் திறந்தாள்.

"மாத்திரையை நிறுத்தினா எரியாதா பின்ன? கால் நரம்பு எரிச்சலுக்குத்தானே டாக்டர் அதைக் குடுத்தாரு, அவர் சொல்றப்போ நீங்க இன்னா, அவரு ஷூவைப் பாத்துக்கிட்டு இருந்தீங்களா?"