இந்தா வெளிக்கிடுது

தொடங்கிவிட்டவர் என்றோர் இனம் உண்டு. தொடங்காதவரோடு இவரைக் குழப்பிவிடாதீர்கள். தொடங்காதவர் சோம்பேறி, மரியாதையாகப் படுத்திருப்பார். தொடங்கிவிட்டவருக்கோ ஓய்வே கிடையாது. பிறவுசரில் ஓடும் விளையாட்டு ஒன்றைத் தானே செய்யப்போவதாக அறிவித்த நாளிலிருந்து, எந்தக் கணினி மொழி நல்லது என்று நாற்பது வீடியோ பார்ப்பார், புதுக் கீபோட் வாங்குவார், விளையாட்டுக்குப் பெயர் வைக்கப் பஞ்சாங்கம் புரட்டுவார், பெயருக்கு இலச்சினை வரைவார், அதை ரொறொன்ரோ மச்சானுக்கு அனுப்பி 'சோக்காயிருக்கு' என்று பதிலும் வாங்கிவிடுவார். விளையாட்டு? அதுதான் தொடங்கியாயிற்றே.

உதாரணத்துக்கு அலைய வேண்டாம். மடத்துவெளிக் கிராமத்தில் அடியேன் இருக்கிறேன்.

என் மனைவி சுலோஜனா குறிகட்டுவானில் படகேறி நயினாதீவுக்குப் படிப்பிக்கப் போகிறவர். இரண்டாம் வகுப்புக்கு ல, ள, ழ பிடிபடவில்லை. வெள்ளிக்கிழமைக் கண்காட்சிக்கு ஒரு சின்ன விளையாட்டு வேண்டும் என்றார். படகு ஓட வேண்டும், மிதந்து வரும் 'ழ'வைப் பிடிக்க வேண்டும். அவ்வளவே. "என்ரை மனுசன் செய்து தருவார்" என்று அதிபரிடம் வாக்கும் கொடுத்துவிட்டார். படித்த பெண், இருந்தும் நம்பினார்.

ஒரு மாதமாக நான் கடல் வரைந்தேன். அலைக்குப் பதினாறு நிறம். இறங்குதுறைக் கம்பத்தில் ஒரு காகம். காகத்துக்கு நிழல்.

வியாழன் பின்னேரம் சுலோஜனா வந்து நின்றார்.

"இஞ்சருங்கோ, படகு ஓடுமோ?"

"இந்தா வெளிக்கிடுது."

"குறிகட்டுவான் படகுக்காரரும் உப்பிடித்தான் சொல்லுறவை. ஆனால் அவை வெளிக்கிடுறவை."

"கடலைப் பாருமன், எப்பிடி இருக்கு?"

"கடலை நான் ஒவ்வொரு நாளும் பாக்கிறனான். கதிரையை விட்டு எழும்புங்கோ. புட்டை அவியுங்கோ."

சின்னப்பிள்ளை வேலை என்று நான் பதினொரு தடவை தாண்டிப்போன கணினி மொழி வீடியோவின் முதற் பாடத்தை அவர் திறந்தார். புட்டை இறக்கிவிட்டு நான் குசினியால் வந்தபோது, திரையில் ஒரு சிவப்புச் சதுரம். அம்புக்குறியை அமத்தினால் நகர்ந்தது. 'ழ'வைத் தொட்டால் ஒரு புள்ளி விழுந்தது.

"இதுவோ படகு?" என்றேன், இயன்றளவு ஏளனமாக.

"ஓடுதெல்லே."

மறுநாள் பிள்ளைகள் அந்தச் சதுரத்துக்கு வரிசையில் நின்றார்களாம். காகத்தை ஒருவரும் விசாரிக்கவில்லையாம். நான்தான் விசாரித்தேன்.

என் படகு இன்னும் கரையில்தான் நிற்கிறது. இதை எழுதுவதுகூட அதைத் தொடங்குவதற்கான ஆயத்தமே. சிரியுங்கள், தாராளமாக. ஆனால் எந்த வேலையைத் தொடங்கவென்று கணினியைத் திறந்துவிட்டு இதை வாசித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பதையும் ஒருதரம் யோசித்துக்கொள்ளுங்கள்.