குண்டனுக்கு ஓரிரவு இடம்

எங்கள் மகளுக்கு டான்சில் அறுவை சிகிச்சை வியாழக்கிழமை என்று முடிவானதும், குடும்பத்தின் முன் மிகப் பெரிய கேள்வி ஒன்று எழுந்து நின்றது: அன்றிரவு நாயை எங்கே விடுவது?

ஆஸ்பத்திரியில் அவளோடு நானும் என் கணவரும் தங்குவதாக ஏற்பாடு. எங்கள் குண்டன் தனியாக இருந்து பழகாதவன். ஆகவே ஒரு வாரம் விடுப்பு எடுத்து, நாய் விடுதிகளை நேரில் ஆய்வு செய்தோம். முதல் விடுதியில் தரை வழுக்கியது. செருப்பைக் கழற்றி நாலு அடி நடந்து பார்த்துத்தான் சொல்கிறேன். இரண்டாவதில் ராத்திரி காவலுக்கு இருப்பவர் கொட்டாவி விட்டார். பகல் பதினொரு மணிக்கே கொட்டாவி விடுகிறவர் ராத்திரியில் என்னத்தைக் கிழிக்கப்போகிறார்? எழுந்து வந்துவிட்டோம்.

மூன்றாவது விடுதியில் சேர்க்கை அதிகாரி என்று ஓர் அம்மாள் இருந்தார். கழுத்தில் அடையாள அட்டை, மேஜையில் இருபத்திரண்டு பக்க விண்ணப்பம்.

“நாய்க்கு ஒரு ராத்திரி இடம் வேணும்” என்றார் என் கணவர்.

“அந்த வார்த்தையை இங்க சொல்றதில்லை சார். தங்குநர்.”

குண்டன் தன் பதவி உயர்வை அறியாமல் மேஜைக் காலை முகர்ந்துகொண்டிருந்தான்.

“தங்குநர் இதுக்கு முன்னாடி வெளியில தங்கின அனுபவச் சான்றிதழ்?”

“இதுதான் மேடம் முதல் தடவை” என்றேன்.

“அனுபவம் இல்லாதவங்களைச் சேர்க்க விதியில்லையேம்மா.”

“தங்கினாத்தானே அனுபவம் வரும்?”

“அதையேதான் நாங்களும் சொல்றோம்.”

எங்கள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு அம்மாள் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். “பதினாலாவது விதிப்படி, பெற்றோர்ல ஒருத்தர் தங்குநர் சார்பா ஒரு ராத்திரி தங்கி, அனுபவம் சம்பாதிச்சுக் குடுக்கலாம்.”

“நீங்க இருங்க” என்றேன் கணவரிடம். “எனக்குப் பாப்பா இருக்கா.”

“எனக்கு மட்டும் அவ யாராம்?” என்று முணுமுணுத்தாலும் இருந்தார். மறுநாள் காலை சான்றிதழோடு வெளியே வந்தார். ‘மேற்படியார் சாதுவானவர். சக தங்குநர்களுடன் இணக்கமாகப் பழகினார். குறட்டை உண்டு. தட்டில் மிச்சம் வைக்கவில்லை.’ பத்து வருடமாக ஆபீசில் இப்படி ஒரு வார்த்தை எவனும் சொன்னதில்லை என்று அதைத் திரும்பத் திரும்ப வாசித்தார்.

கடைசிப் பக்கம் மட்டும் பாக்கி.

“தங்குநரைப் பிரியக் காரணம்?”

“பொண்ணுக்கு ஆபரேஷன்.” ஆஸ்பத்திரி பெயரையும் சொன்னேன்.

“அங்க ராத்திரி எத்தனை குழந்தைக்கு ஒரு நர்ஸ்?”

நான் கணவரைப் பார்த்தேன். அவர் குண்டனைப் பார்த்தார்.

“மயக்க மருந்து குடுக்கிற டாக்டரையாவது பார்த்தீங்களா?”

“இல்லை.”

“தங்கப்போற ரூமை?”

“இல்லை மேடம்.”

“அப்புறம் எதைப் பார்த்து முடிவு பண்ணினீங்க?”

“வண்டி நிறுத்த நல்ல நிழல் இருக்கு” என்றார் கணவர்.

ஒரு வாரமாகக் குண்டனுக்காகக் கேட்ட கேள்விகளில் ஒன்றைக்கூட என் குழந்தைக்காக நான் கேட்கவில்லை.

“இதை முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு அலைஞ்சிருக்க வேணாமே” என்று அம்மாள் சிவப்பு முத்திரையை எடுத்து ஓங்கிக் குத்தினார். ‘பொறுப்பற்ற இல்லத்திலிருந்து வரும் தங்குநர். முன்னுரிமை அடிப்படையில் உடனே சேர்த்துக்கொள்ளவும்.’

குண்டன் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே போய்விட்டான்.

அங்கிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். “ராத்திரி எத்தனை குழந்தைக்கு ஒரு நர்ஸ்?” என்று வரவேற்பு மேஜையில் மூச்சு வாங்கக் கேட்டேன்.

அங்கிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். “இதெல்லாம் இதுவரைக்கும் யாருமே கேட்டதில்லையே மேடம். விசாரிச்சுச் சொல்றேன். வர்றவங்க எல்லாரும் ரூம் டீவியில எத்தனை சேனல் வருதுன்னுதான் கேப்பாங்க.”

“எத்தனை வருது?” என்றார் என் கணவர்.

நானும் காதைத் தீட்டிக்கொண்டேன்.