கையோடு வந்த கைப்பிடி

குளியலறைக் கதவின் கைப்பிடி நூலகரின் கையோடு வந்துவிட்டது.

அவர் ஒன்றும் அதனோடு மல்லுக்கட்டவில்லை. கதவு சரியாக மூடுகிறதா என்று பார்க்க உள்ளே போய்ச் சாத்தினார். திரும்பத் திறக்கலாமென்று கைப்பிடியை லேசாகத் திருப்பினார். அவ்வளவுதான், அது சமர்த்தாகக் கழன்று உள்ளங்கையில் உட்கார்ந்துகொண்டது. கதவுக்கு அந்தப் பக்கம் அதன் ஜோடி 'டங்' என்று தரையில் விழுந்தது.

புது வீட்டைச் சரிபார்த்துச் சாவி வாங்கும் நாளில், வாங்கிய வீட்டின் குளியலறைக்குள்ளேயே மாட்டிக்கொண்டார் மனிதர்.

"கையெழுத்துக்கு முன்னாடி என்ன குறை சொன்னாலும் நாங்க சரி பண்ணித் தருவோம் சார். கையெழுத்து போட்டுட்டா அப்புறம் உங்க பாடு. நிதானமா பாருங்க" என்று சொல்லிவிட்டு, கட்டடக் கம்பெனியின் என்ஜினியர் தம்பி போனைக் காதில் வைத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போயிருந்தார். நல்ல வேளை, சத்தம் அவருக்குக் கேட்டிருக்காது.

இதே இடத்தில் வேறு யாராவது இருந்தால், "தம்பி, உங்க கைப்பிடி லட்சணத்தைப் பாருங்க!" என்று ஊரைக் கூட்டியிருப்பார்கள். நூலகரால் முடியாது. அவருடைய நூலகத்தில் ஒரு சட்டம் உண்டு. புத்தகம் யார் கையில் இருக்கும்போது பிய்ந்ததோ அவர்தான் பிய்த்தவர். அதற்குமேல் பேச்சே கிடையாது. அழாத குறையாகக் கெஞ்சியவர்களிடம்கூட அவர் இரங்கியதில்லை. இப்போது கைப்பிடி அவர் கையில் இருக்கிறது. அப்படியென்றால் உடைத்தவர் யார்?

தோள்பையில், சுவரைத் தட்டிப் பார்க்க மனைவி போட்டனுப்பிய கரண்டி இருந்தது. அதன் காம்பைக் கதவின் ஓட்டைக்குள் விட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒரு திருகு திருகினார். கரண்டி கோணிக்கொண்டது, கதவும் திறந்தது. விழுந்து கிடந்த ஜோடியையும் பொறுக்கி, இரண்டையும் பைக்குள் போட்டார். சாவி வாங்கியபின் தானே வந்து மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியப் போகிறது?

அப்போது போன் அடித்தது. மனைவி. ஆஸ்பத்திரியில் நர்ஸ். லீவு கிடைக்காத ஆத்திரத்தில் இருந்தாள்.

"ஏங்க, எல்லாம் பாத்தீங்களா?"

"பாத்துக்கிட்டே இருக்கேன்மா."

"உங்க பரவாயில்லைய அங்க எடுத்து விட்டுடாதீங்க. பீரோ மூட மாட்டேங்குதுன்னா பரவாயில்ல. கட்டில் ஆடுதுன்னா பரவாயில்ல. இந்த வீட்டுக்கும் பரவாயில்லன்னு கையெழுத்து போட்டுட்டு வந்தீங்கன்னா, அங்க நீங்க மட்டும்தான் குடியிருக்கணும். ஆமா, சுவத்துல டைல்ஸைத் தட்டிப் பாத்தீங்களா? உள்ள காலியா இருந்தா சத்தம் வேற மாதிரி வரும்."

"இதோ, தட்டறேன்."

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, கோணல் கரண்டியால் குளியலறைச் சுவரைத் தட்டினார். முதல் டைல் 'டக்' என்றது. அடுத்ததும் 'டக்' என்றது. அதற்கடுத்தது எதுவும் சொல்லாமல் சுவரைவிட்டு இறங்கி, தரையில் இரண்டாகப் பிளந்தது.

"என்ன சத்தம்?"

"டைல்ஸ் சத்தம்தான்மா."

"நல்ல சத்தமா, கெட்ட சத்தமா?"

"பலமான சத்தம்" என்று சொல்லிப் போனை வைத்தார்.

கைப்பிடியை மறைத்தாகிவிட்டது. சுவரில் விழுந்த ஓட்டையை எந்தப் பைக்குள் போடுவது? இரண்டு துண்டையும் நனைத்து அழுத்தினால் கொஞ்ச நேரமாவது ஒட்டிக்கொண்டு நிற்காதா என்று ஒரு நப்பாசை. குழாயைத் திறந்தார். தண்ணீர் ஜோராக வந்தது. மூடினார். அப்போதும் ஜோராக வந்தது. இந்தப் பக்கம் திருகினார், அந்தப் பக்கம் திருகினார். குழாய் அவரை மதிக்கவே இல்லை.

தரையில் பரவிய தண்ணீர், மூலையில் இருந்த சாக்கடைத் துளையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேரே ஹாலை நோக்கிப் புறப்பட்டது.

நூலகர் அசந்து போனார். சட்டைப்பையிலிருந்து, தரையின் சரிவு பார்க்க மனைவி கொடுத்திருந்த கோலிக்குண்டை எடுத்துத் தரையில் விட்டார். அதுவும் தண்ணீருக்குத் துணையாக ஹாலுக்கு உருண்டது. வாட்டம் தலைகீழ்! இது நிஜமான குறை. அவர் தொடாத குறை. கரண்டிக்கும் கைக்கும் சம்பந்தமே இல்லாத குறை!

"தம்பி! என்ஜினியர் தம்பி!" என்று சந்தோஷத்தில் கத்தியே விட்டார். மறுநொடி வாயைப் பொத்திக்கொண்டார். வாட்டத்தைக் காட்ட வேண்டுமானால் அவரை இங்கே கூட்டி வரவேண்டும். வந்தால் மொட்டைக் கதவைப் பார்ப்பார். சுவரைப் பார்ப்பார். அடங்காத குழாயைப் பார்ப்பார். "நல்லா இருந்த வீட்டை என்ன சார் பண்ணி வச்சிருக்கீங்க?" என்று கேட்டால், எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது?

வாஷ்பேசினுக்கு அடியில் தடவி ஒரு வால்வைக் கண்டுபிடித்து அடைத்தார். தண்ணீர் நின்றது. கைக்குட்டையால் துடைத்தார், அது போதவில்லை. பிறகு மண்டி போட்டுச் சட்டை நுனியால் துடைத்தார். காலடிச் சத்தம் கேட்டதும் பாய்ந்து போய், குளியலறை வாசலில் இரண்டு கையையும் அகல விரித்துக்கொண்டு நின்றார்.

"கூப்பிட்டீங்களா சார்?"

"வெளிச்சம் நல்லா வருதுன்னு சொல்லக் கூப்பிட்டேன்."

என்ஜினியர் அவருடைய ஈரச் சட்டையைப் பார்த்தார். "பாத்ரூமை மட்டும் ஒரு தடவை சேர்ந்து பாத்துடலாமா?"

"ஐயய்யோ, வேண்டாம்! அதெல்லாம் நான் நல்லாப் பாத்தாச்சு."

"குறை ஏதாவது?"

மனைவியின் முகம் நூலகரின் கண்ணில் ஒரு தடவை வந்து போனது. வாட்டம், வாட்டம் என்று மனசு அடித்துக்கொண்டது. "குறையா? சேச்சே. ஒண்ணுகூட இல்ல."

என்ஜினியர் தாளை நீட்டியதும், எங்கே அவர் மனம் மாறி உள்ளே எட்டிப் பார்த்துவிடுவாரோ என்ற பயத்தில் கிடுகிடுவென்று கையெழுத்துப் போட்டார்.

"எங்க வேலையைப் பத்தி நாலு நல்ல வார்த்தையும் எழுதிக் குடுத்தீங்கன்னா..."

நாலு என்ன, பக்கம் நிறைய எழுதினார். ஒரு அப்பாவிப் பிள்ளையை ஏமாற்றுகிறோமே என்று அவருக்கு நெஞ்சு உறுத்தியது. உறுத்தல் அதிகமாக அதிகமாகப் புகழும் அதிகமாயிற்று. குளியலறையை மட்டும் தனியாக ஒரு பத்தியில் பாராட்டினார். என்ஜினியர் படித்துப் பார்த்து, சாவியைக் கொடுத்து, கைகுலுக்கிவிட்டு லிஃப்டில் இறங்கிப் போனார்.

நூலகர் கதவைப் பூட்டினார். வீட்டில் என்ன சொல்வது என்று வார்த்தை தேடினார். போன் மறுபடி அடித்தது. எடுக்கத் தைரியமில்லாமல் அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தது. நடுத்தர வயது அம்மாள் ஒருத்தி எட்டிப் பார்த்தாள்.

"புதுசா வாங்கியிருக்கீங்களா? நாங்க போன மாசம்தான் வந்தோம்."

"ஆமாங்க."

"கையெழுத்து போட்டாச்சா?"

"இப்பதான் போட்டேன்."

அந்த அம்மாள் அவருடைய ஈரச் சட்டையை மேலும் கீழும் பார்த்தாள். பெருமூச்சு விட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"கைப்பிடி ரெண்டும் பைக்குள்ளதானே இருக்கு? வெளிய எடுங்கண்ணா, வெக்கப்படாதீங்க. இந்தக் கட்டடத்துல வீடு வாங்குன அத்தனை பேரும் அதைத் தாங்கதான் உடைச்சோம்னு நெனச்சு, வாயே திறக்காம கையெழுத்து போட்டவங்கதான்!"