செவ்வந்தியின் தாய்

"திரும்பவும் நாலு லீற்றர்தானடி. உன்ர அம்மா பன்னிரண்டு குடுத்தவள்!"

குகதாசன் பால் வாளியைக் காட்டிச் சொன்னார். செவ்வந்தி அசைபோட்டபடி வேறு பக்கம் பார்த்தது.

தாய்ப்பசு ஊரில் பால் விற்கும் சின்னராசாவினுடையது. அது தந்த பன்னிரண்டு லீற்றர் காலையில் தேத்தண்ணிக் கடைகளுக்குப் போவதைத் தர்மபுரம் ஊரே கண்டிருக்கிறது. அதை நம்பித்தான் குகதாசன் அதன் கன்றை வாங்கி வளர்த்தார். மனைவி செத்து, மகன் நிருஷனும் பிரான்சுக்குப் போன பிறகு, அந்த வளவில் அவர் கதை கேட்க இருந்தது அது ஒன்றுதான்.

மிருக வைத்தியர் தாட்சாயினி வந்து மடியைத் தடவிப் பார்த்தார்.

"வருத்தம் ஒண்டுமில்லை ஐயா. தாயின்ர பால்குணம் முழுக்கக் கன்றுக்கு வராது. கால்வாசி, மிஞ்சினால் மூண்டிலொரு பங்குதான் பரம்பரை. மிச்சம் தீனி, பராமரிப்பு, வளர்த்த விதம்."

"அப்ப பிழை என்னிலதானோ, பிள்ளை?"

"ஐயோ, நான் அப்பிடிச் சொல்லேல்லை."

அவருக்கு அப்படித்தான் கேட்டது.

அன்றே புண்ணாக்கை இரட்டிப்பாக்கினார். மாட்டுக்கு வயிற்றால் போனது. பால் மூன்று லீற்றர். பாட்டுக் கேட்டால் பால் சுரக்கும் என்று யாரோ சொல்ல, கொட்டிலில் ரேடியோவைக் கட்டித் தொங்கவிட்டார். நாதஸ்வரம் தொடங்கியதும் செவ்வந்தி வாளியை உதைத்துக் கவிழ்த்தது. தன்னைப்போலத் தனிமைதான் அதற்கும் என்று நினைத்து, கட்டிலைக் கொட்டிலுக்குள் கொண்டுபோய்ப் போட்டார். இவருடைய குறட்டையில் மாடு படுக்கவேயில்லை. பால் இரண்டு லீற்றர்.

மகனுக்குப் போன் எடுத்துச் சொன்னார்.

"அப்பா, வேலையில நிக்கிறன். பிறகு எடுக்கிறன்."

பிறகு எடுக்கவில்லை. குகதாசன் கட்டிலில் குந்தியிருந்து யோசித்தார். மகனையும் இந்தக் கைதானே வளர்த்தது?

அடுத்தநாள் செவ்வந்தியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு சின்னராசா வீட்டுப் படலையில் போய் நின்றார். சின்னராசா வயலுக்குப் போயிருந்தான். அவன் மனைவி கமலாசனி கை துடைத்தபடி குசினியிலிருந்து வந்தாள்.

"தங்கச்சி, இதை நீங்களே வச்சிருங்கோ. நல்ல பரம்பரையை நான் பழுதாக்கிப் போட்டன். என்ர கையில ஒண்டும் சரியா வளருதில்லை."

"என்ன அண்ணை இது! எவ்வளவு கறந்தது?"

"நல்லா நிண்ட காலத்தில நாலு லீற்றர். அதுக்கு மேல ஒரு சொட்டு இல்லை."

அவர் கயிற்றை அவளிடம் நீட்டினார். கமலாசனி றோட்டை ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"தாயை அப்பிடியே உரிச்சு வச்சிருக்கு அண்ணை. அதுவும் நாலுதான். மிச்சம் எட்டும் எங்கட கிணறு."