சுவரோரம் உட்கார்ந்து கார் ஓட்டுகிறவன்

கோசோ தீவு, மால்டா
நோன்பு காலம், வியாழக்கிழமை

பெருமதிப்பிற்குரிய பெரியண்ணன் நார்து அவர்களுக்கு, தம்பி விஸ்தின் பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு நானும் வீட்டுக்காரி மரிதெஸும் சௌக்கியம். டெட்ராய்டில் பனி குறைந்து உங்கள் இடுப்பு வலியும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்களுக்காக ஞாயிறன்று கோவிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். அதே மெழுகுவர்த்தியில் இன்னொரு வேண்டுதலும் சேர்த்து வைத்திருக்கிறேன், அது இந்தக் கடிதத்தின் கடைசியில் வரும். நோன்புக்கு மரிதெஸ் பாதாம் ரொட்டி சுட்டாள். உங்களுக்கும் அனுப்பலாம் என்று விசாரித்தால் ரொட்டியைவிடத் தபால் கூலி அதிகம். ஒரு பொருள் கடல் தாண்டினால் என்ன ஆகும் என்பதை அந்த ரொட்டியிலிருந்தே நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் ஊகிக்கிறவர் இல்லை, அதனால்தான் விரிவாக எழுதுகிறேன்.

முதலில், நான் உங்கள் பணத்தைத் தின்னவில்லை. இதை எழுத்தில் வைக்கிறேன். நம் தங்கை ஃபிலுமேனா, மாப்பிள்ளை ஸாரெனை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று ஜன்னலைச் சாத்தியவள், பிறகு திறக்கவில்லை, யாரோடும் பேசவும் இல்லை, கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டுவாள், சமயத்தில் அதுவும் இல்லை. டாக்டர் வந்து பார்த்துவிட்டு, மருந்து ஒன்றும் வேண்டாம், தினம் வெளியே கூட்டிப்போங்கள், காற்றுப் படட்டும், நாலு மனிதர் முகத்தில் விழிக்கட்டும் என்றார். அவள் முழங்கால் பஸ் படி ஏற விடாது. என் பழைய காரின் அடித்தளம் துருப்பிடித்துப் போய், இப்போது அதில் முயல் வளர்க்கிறேன். இதையெல்லாம் சொன்னதும் நீங்கள் உடனே பணம் அனுப்பி, நான் வைத்திருக்கிறேனே, அதே மாதிரிக் காரை வாங்கு என்றீர்கள். நல்ல மனசு. ஆனால் நீங்கள் அனுப்பியது உங்கள் ஊர் விலை. அந்தப் பணத்துக்கு இங்கே அந்தக் காரில் பின் சீட்டு வரைக்கும்தான் கிடைக்கும்.

நான் பணத்தை எடுத்துக்கொண்டு நேரே சால்வுவிடம்தான் போனேன். கார் இறக்குமதி செய்து விற்கிறானே, நம்மோடு ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் அடி வாங்கியவன், அவனேதான். அவன் விலையைச் சொன்னதும் நான் உங்கள் தம்பி என்பதைக் காட்டி நன்றாகக் கத்தினேன். அவன் கோபப்படாமல் காப்பி வரவழைத்தான். "விஸ்தின், நீ நம்ம ஊர் பேண்டு வாத்திய சங்கத்துல கமிட்டி ஆளு. போன வருஷம் புது யூனிஃபார்ம் இத்தாலியில தைக்கக் கொடுத்தீங்களே, பட்டாளத்துக்குத் தைக்கிற விலைக்கா தைச்சுக் கொடுத்தான்?" என்று கேட்டான். இல்லை என்றேன். அந்த ரசீதில் கையெழுத்துப் போட்டவனே நான்தான். "அதே கதைதான்யா. உலகத்துல பாதிக்கு மேல இடது பக்கம் உக்காந்து ஓட்டுறான். அவனுக்குச் செய்யுற அச்சுல நமக்கு வார்க்க முடியாது. ஸ்டியரிங்கை நமக்காக வலது பக்கம் கொண்டுவரணும்னா டேஷ்போர்டு வேற, பெடல் வேற, வைப்பர் வேற, விளக்கு வெளிச்சம் விழுற பக்கம் வேற. அந்தச் செலவை லட்சம் காருக்குப் பங்கு போட்டா ஒண்ணும் தெரியாது. நம்ம தீவுல மொத்தமா எத்தனை பேர்யா வாங்கறான்? கப்பல்காரன் நாலு காருக்காக வரணும். வந்தா வரி. முன்னல்லாம் இங்கிலாந்துல ஓடின காரை மலிவாக் கொண்டுவந்தோம், அவங்க ஐரோப்பிய யூனியனை விட்டுப் போனதும் அதுக்கும் வரி. அப்புறம் ஒரு கண்ணாடி உடைஞ்சா நீ எங்கிட்டதான வருவ? எப்பவோ வரப்போற ஒருத்தனுக்காக நான் அந்தக் கண்ணாடியை அலமாரியில வச்சுக் காவல் காக்கணும். அந்தக் காவல் கூலியும் இதுல இருக்கு" என்றான். அண்ணா, நான் குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். கிடைக்கவில்லை. காப்பிதான் ஆறிப்போயிருந்தது.

இதை உங்களிடம் போனில் சொன்னதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "ஒரே காரு, ஒரே இரும்பு, நாலு சக்கரம். அங்க மட்டும் அஞ்சாவது சக்கரம் வச்சிருக்கானா? முப்பது வருஷம் கார்க் கம்பெனியில கதவு மாட்டினவன்டா நான், எங்கிட்டயே கதை விடுறியா? சால்வு பாதி, நீ பாதியா?" என்றீர்கள். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டீர்கள். கதவு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருப்பதால் உங்களுக்கு மற்றதும் அப்படியே தோன்றியிருக்கலாம். அடுத்த தடவை போன் வந்தபோது உங்கள் சொந்தக் காரையே கப்பலில் ஏற்றிவிட்டிருந்தீர்கள்.

கார் வந்தது. அதைக் கடல் தாண்டிக் கொண்டுவந்து, சோதனைக்கு விட்டு, எதிரே வருகிறவன் கண்ணைக் குத்தாதபடி விளக்கைத் திருப்பி, நம்பர் வாங்கி முடித்தபோது நீங்கள் கட்டிய செலவு சால்வு சொன்ன விலையைத் தாண்டியிருந்தது. அதைப் பற்றி நான் பேசவே போவதில்லை. காரின் நிறம் நீலம். எதிர்ப் பேண்டு சங்கத்துக் கொடியின் நிறம் நீலம் என்பது அமெரிக்காவுக்குப் போனால் மறந்துவிடுமா? நம் சங்கத்து வாசலில் அதை நிறுத்த விடமாட்டேன் என்று தலைவரே வெளியே வந்து நின்றுவிட்டார். அது என் வீட்டு கராஜிலும் நுழையவில்லை, மூக்கு மட்டும்தான் உள்ளே போகிறது. இரவில் அதன் பின்பாதி தெருவில் கிடக்க, போகிறவர்கள் எல்லாம் அதைத் தட்டிவிட்டுப் போகிறார்கள்.

இதெல்லாம் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் நம் தெருவில் இடது பக்கமாகப் போகிற ஒருவன் இடது பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டினால் அவன் எங்கே இருப்பான்? சுவரோரம் இருப்பான். நம் ஊர்ச் சுண்ணாம்புக் கல் ஒவ்வொன்றையும் நான் இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவேன். எதிரே என்ன வருகிறது என்று எனக்குத் தெரியாது. தெரிவது வலது பக்கம் உட்கார்ந்திருக்கிற ஃபிலுமேனாவுக்குத்தான். முதல் நாள் அவளை மெதுவாக நடத்திக் கூட்டிவந்து ஏற்றினேன், கறுப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தாள். கோவில் பின்தெருவில் கேஸ் வண்டி நின்றிருந்தது, அதைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். "ஃபிலுமேனா, எதிர்ல ஏதாவது வருதாம்மா?" என்று கேட்டேன். பதில் வராததால், வரவில்லை என்று எடுத்துக்கொண்டு திருப்பினேன்.

"நில்லுடா, குருட்டுப் பயலே! ரொட்டி வண்டி!"

அண்ணா, ஸாரென் போனதிலிருந்து அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இது. என்னை அவள் 'டா' போட்டதும் இதுவே முதல் தடவை. நான் பிரேக்கை மிதித்துவிட்டேன். ரொட்டிக்கார தும்னிகு உரசியதில், பின்னால் வருவதைப் பார்க்கிற வலது பக்கக் கண்ணாடி உடைந்துபோயிற்று, ஆனால் வேறு சேதம் இல்லை. அவன் திட்டுவதற்கு ஜன்னலை இறக்கினான். இறக்கினால் எதிரே என் முகம் இல்லை, அவள் முகம் இருந்தது. "ஃபிலுமேனாக்கா! வெளிய வந்துட்டியா? உன்னைப் பாத்து எவ்வளவு நாளாச்சு!" என்று அந்த முரடன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சூடான ரொட்டி ஒன்றை ஜன்னல் வழியாக அவள் மடியில் வைத்தான். அவள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "அடி கருகியிருக்கு" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. டாக்டர் சொன்ன காற்று இவ்வளவு சீக்கிரம் வேலை செய்யும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

இனி என் குறையைச் சொல்கிறேன், இதுதான் முக்கியம். நம் ஊரில் எதிரும் புதிருமாக இரண்டு கார் வந்தால் நிறுத்தி, ஜன்னலுக்கு ஜன்னல் இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போவதுதான் மரியாதை, பின்னால் நிற்கிறவனும் ஹாரன் அடிக்காமல் பொறுத்துக்கொள்வான், அடுத்து அவன் முறை. இப்போது அந்த ஜன்னலில் நான் இல்லை. பேச நினைத்தால் ஃபிலுமேனாவின் மடிமேல் சாய்ந்து கத்த வேண்டும். முதல் வாரம் கத்தாமல் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனேன். அதற்குள் சங்கத்தில், "அண்ணன் காரு வந்ததும் தம்பிக்குக் கழுத்து திரும்பல பாத்தியா" என்று பேச்சாகிவிட்டது. இப்போது எல்லோரும் நிறுத்துகிறார்கள், ஆனால் அவளிடம் பேசுகிறார்கள். "ஃபிலுமேனாக்கா, வீட்டுல சீஸ் செஞ்சியா? ஃபிலுமேனாக்கா, என் மகளுக்கு வரன் வந்திருக்கு, அந்தக் குடும்பம் எப்படி?" என்று கேட்கிறார்கள், அவளும் அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறையை விரித்து வைக்கிறாள். பின்னால் பஸ் நிற்கிறது. கார் நிறுத்துமிடத்தில் சீட்டு எடுக்கிற இயந்திரம் அவள் பக்கம், காவலாளி குசலம் விசாரிப்பது அவளிடம். நேற்று ஒருத்தன் குனிந்து என்னைப் பார்த்து, "யாருக்கா அது, டிரைவர் வச்சிருக்கியா?" என்று கேட்டான். என்னோடு நாற்பது வருஷம் கிளாரினெட் வாசித்தவன் அவன். ஃபிலுமேனா சொல்கிறாள்: "ஆமா, சம்பளம் இல்லாத டிரைவர். சொன்னா நிப்பான்."

ஆகவே அண்ணா, என் விண்ணப்பம் இது. நம் தங்கை தேறிவிட்டாள். நீங்கள் அடக்கத்துக்கு வர முடியாமல் போன துக்கத்தைத்தான் அந்தக் கப்பலில் ஏற்றி அனுப்பினீர்கள் என்று எனக்குத் தெரியும், அது வந்து சேர்ந்துவிட்டது, பலனும் கொடுத்துவிட்டது. இனி இந்தக் கார் எதற்கு? திரைப்படம் எடுக்க வருகிறவர்களுக்கு அமெரிக்கக் கார் வாடகைக்கு விடும் ஒருவர் இதைக் கேட்கிறார். அந்தப் பணத்தோடு, நீங்கள் முதலில் அனுப்பி நான் தொடாமல் வைத்திருப்பதையும் சேர்த்து, ஸ்டியரிங் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிற சின்னக் கார் ஒன்றைச் சால்வு தருவதாகச் சொல்கிறான், சிவப்பு நிறம். நான் மறுபடியும் மனிதர்களைப் பார்த்து ஓட்டுவேன், ஃபிலுமேனா என் பக்கத்தில் நிம்மதியாக உட்கார்ந்து வருவாள். விற்கச் சம்மதம் என்று ஒரு வரி எழுதுங்கள். கூடவே, சால்வு சொன்னது நியாயமான விலைதான் என்றும் ஒரு வரி. அதை நான் சட்டம் போட்டு மாட்டப்போவதில்லை, சால்வுவிடம் காட்டிவிட்டு மடித்து வைத்துக்கொள்வேன். மெழுகுவர்த்தியில் சேர்த்து வைத்த வேண்டுதல் இதுதான்.

உங்கள் இடுப்புக்கும், அண்ணியின் கண்ணுக்கும், பிள்ளைகளின் வேலைக்கும் ஒரு குறையும் வராமல் ஆண்டவர் பார்த்துக்கொள்ளட்டும். வருகிற திருவிழாவுக்காவது வந்து முகத்தைக் காட்டுங்கள்.

என்றும் உங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட
தம்பி விஸ்தின்

பின்குறிப்பு: மேலே எழுதியது எதையும் செய்ய வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்கு முன்னால், புதுக் கார் வரப்போகிறது என்று ஃபிலுமேனாவிடம் சந்தோஷமாகச் சொன்னேன். "அதுல நான் எந்தப் பக்கம் உக்காரணும்?" என்று கேட்டாள். இடது பக்கம், சுவரோரம், நிம்மதியாக இருக்கலாம் என்றேன். அவள் கறுப்புச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். பழையபடி ஆகிவிட்டாளோ என்று பயந்தேன். பிறகு சொன்னாள்: "சுவரைத்தான் இத்தனை மாசமா பாத்துக்கிட்டிருந்தேனே, சின்னண்ணா." அண்ணா, அதுவரைக்கும் இது காற்றால் ஆன வேலை என்றுதான் நான் நினைத்திருந்தேன். அவள் ஜன்னலை நடுத்தெருவில் கொண்டுபோய் வைத்தது உங்கள் கார்தான். கார் விற்பனைக்கு இல்லை என்று சால்வுவிடமும் அந்த வாடகைக்காரரிடமும் சொல்லிவிட்டேன். நான் சுவரோரமே இருந்துகொள்கிறேன். அந்த வலது பக்கக் கண்ணாடி ஒன்று மட்டும் வாங்கி அனுப்புங்கள், இந்தக் காருக்கு இங்கே எந்த அலமாரியிலும் இல்லை. அங்கே அது என்ன விலை என்று தயவுசெய்து எழுத வேண்டாம். அவசரமும் இல்லை. பின்னால் வருவதையும் இப்போது அவளே தலையை நீட்டிப் பார்த்துச் சொல்லிக்கொண்டு வருகிறாள், அதனால் கப்பலிலேயே மெதுவாக வரட்டும்.