மைக் மட்டும் பிரமாதம்

எந்தப் பொருளையும் முதலில் வாங்கிவிட்டு, அதைப் பற்றிய விமர்சனங்களை அப்புறம் படிக்கிற ரகம் நான். என் லேப்டாப்பையும் அப்படித்தான் வாங்கினேன். அப்போது எனக்குப் பினாங்கின் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் வேலை. ஜெலுத்தோங்கில் இருந்த எங்கள் வீட்டிலிருந்து தினமும் பழைய லேப்டாப்பைப் பஸ்ஸில் சுமந்து சுமந்து என் தோள்பட்டை ஒரு பக்கமாக இறங்கியே போயிருந்தது. புதியதோ ஒரு வாரப் பத்திரிகையின் கனம்தான். விலையும் என் சம்பளத்துக்கு அடங்கியது. (கடையில் அதை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார்கள். நான் அங்கேயே விழுந்துவிட்டேன்.)

வீட்டுக்கு வந்து விமர்சனங்களைப் படித்தேன். பேட்டரி நாள் முழுக்கத் தாங்குமாம். மைக் பிரமாதமாம், அறை மூலையில் யாராவது முணுமுணுத்தால்கூடப் பிடித்துவிடுமாம். ஆனால் திரை மங்கல், வெளிச்சத்தில் வைத்தால் முகம் பார்க்கும் கண்ணாடி ஆகிவிடும். ஸ்பீக்கர் அடிப்பக்கத்தில் இருப்பதால் அதன் சத்தம் மேசைக்குத்தான் கேட்கும். கணக்கு எழுதுகிறவளுக்குச் சத்தம் எதற்கு என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் ஈப்போவிலிருந்து எனக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை பெயர் தினேஷ். அவருடைய சித்தப்பா நேரில் வந்து எங்களைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அடுத்ததாக இரண்டு குடும்பமும் வீடியோவில் பேசுவதாக ஏற்பாடு. ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மா, தீபாவளிக்கு மட்டும் வெளியே எடுக்கும் தடித்த வெல்வெட் விரிப்பைச் சாப்பாட்டு மேசையில் போட்டார். 'முகம் பளிச்சுன்னு தெரியணும்' என்று அத்தை பால்கனித் திரைச்சீலையை முழுதாக விலக்கினார். (அத்தை அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டு முக்கிய விஷயங்களுக்கெல்லாம் அவர்தான் தலைவர்.) வெயில் தடதடவென்று உள்ளே வந்தது. நான் லேப்டாப்பை விரிப்பின்மேல் வைத்து, அவர்கள் அனுப்பிய இணைப்பை அழுத்தினேன்.

திரையில் ஒன்றும் தெரியவில்லை. சத்தமும் இல்லை.

"நெட் இல்ல. கொஞ்ச நேரம் அப்படியே விடுங்க, தானா வரும்" என்று தீர்ப்புச் சொன்னேன். வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள் நான். மறுபேச்சு கிடையாது.

காத்திருந்த நேரத்தில், கறுப்பாக இருந்த திரையில் எங்கள் முகம் அழகாகத் தெரிந்தது. அப்பா அதன் எதிரே குனிந்து, வாயை ஈயென்று விரித்துப் பல்லைச் சோதித்தார். அத்தை பொட்டைச் சரிசெய்தார். நான் மூக்கின் மேலிருந்த பருவை நன்றாக நெருங்கிப் பார்த்தேன்.

"சமையல் தெரியுமான்னு கேட்டா தெரியும்னு சொல்லு" என்றார் அம்மா.

"எப்படிம்மா? அவங்க சித்தப்பாவுக்கு நான் செஞ்சதா சொன்ன இடியப்பமே பாசார் கடையில காசு குடுத்து தாப்பாவ் கட்டிட்டு வந்ததுதானே?"

"அதெல்லாம் யாருக்குத் தெரியப்போகுது? அப்பா மேனேஜரா இருந்தாருன்னு சொல்லிருக்கோம், அதையும் மறந்துடாத."

"அப்பா ஸ்டோர்லதானே இருந்தாரு!"

அப்பா நிமிர்ந்தார். "அந்த ஸ்டோரை யாரு மேனேஜ் பண்ணா?"

அத்தை குரலைத் தாழ்த்தினார். (மைக்கைப் பற்றி அவருக்கு என்ன தெரியும், பாவம்.) "மாப்பிள்ளையோட அம்மாவ போட்டோவுல பாத்தியா? சிரிப்பே இல்ல லா. பார்க்கிங் சம்மன் எழுத வந்தவங்க மாதிரி நிக்கிறாங்க."

எல்லோரும் சிரித்தோம். எனக்கு மட்டும் சிரிப்பு பாதியில் நின்றது.

"இதுவரைக்கும் எத்தனை வீட்டுக்கு முன்னால நான் உக்காந்து சிரிச்சிருக்கேன்?" என்றேன். "அவங்களுக்கு என்னைப் பிடிக்குமான்னுதான் பேசுறீங்க. நீ என்ன நினைக்கிறன்னு ஒருத்தராவது என்கிட்ட கேட்டீங்களா?"

அப்பா பல்லை மூடிக்கொண்டார்.

அப்போது அம்மாவின் கைப்பேசி அடித்தது. எடுத்தால் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவது அம்மாவின் வழக்கம்.

"அக்கா, நான் தினேஷோட அம்மா பேசுறேன். நாங்க அப்போதிலேருந்து இங்கதான் இருக்கோம். எல்லாம் நல்லாத் தெரியுது, நல்லாக் கேக்குது."

அம்மாவின் வாய் திறந்தபடியே நின்றுவிட்டது. 'அலாமாக்' என்ற ஒரே சொல்லோடு அத்தை குளிர்சாதனப் பெட்டிக்குப் பின்னால் மறையப் பார்த்தார். அது சுவரை ஒட்டி இருந்ததால் பாதி அத்தைதான் மறைந்தார்.

"மேனேஜர் சார்கிட்ட சொல்லுங்க, பல்லு சுத்தமாத்தான் இருக்கு" என்றது கைப்பேசி. "ஆமா, அந்த இடியப்பம் எந்தக் கடை? தினேஷோட சித்தப்பா இன்னும் அதையே சொல்லிக்கிட்டு இருக்காரு."

நான் லேப்டாப்பை விரிப்பிலிருந்து தூக்கினேன். அடியிலிருந்து மெல்லிய சிரிப்புச் சத்தம் கேட்டது. திரைச்சீலையை இழுத்து மூடினேன். திரையில் வரிசையாக மூன்று பேர், தினேஷும் அவருடைய அப்பா அம்மாவும். அம்மாக்காரர் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். சம்மன் எழுதுகிறவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. இணைப்பைத் துண்டித்துவிடலாம் என்று விரல் போனது. எந்தப் பொத்தான் என்பதே மறந்துவிட்டது.

தினேஷ் மட்டும் சிரிக்கவில்லை.

"நீங்க கேட்டது சரிதான். நான் கேக்குறேன். நீங்க என்ன நினைக்கிறீங்க?"

வாழ்க்கையில் முதன்முறையாக ஒருவர் என்னைக் கேட்ட அந்தக் கேள்விக்கு நான் சொன்ன பதில் இதுதான்:

"நெட் இல்லன்னு நினைச்சேன்."

அதற்குப் பிறகுதான் அவரும் சிரித்தார்.

வரன் அதோடு போயிற்று என்று எல்லோரும் முடிவு கட்டினோம். அத்தை இரண்டு வேளை சாப்பிடவில்லை. சில நாளில் மறுபடியும் அம்மாவுக்கு ஈப்போவிலிருந்து தினேஷின் அம்மாவுடைய அழைப்பு வந்தது. "எல்லா வீட்டுலயும் நம்ம முன்னால நல்லா பேசுறாங்க. பின்னால என்ன பேசுறாங்கன்னு கல்யாணத்துக்கு அப்புறம்தான் தெரியும். உங்க வீட்டுல அந்தக் கவலை எங்களுக்கு இல்ல. ஆனா பொண்ணு யோசிச்சுச் சொல்லட்டும், அவசரம் இல்ல."

நான் யோசித்தேன். பினாங்கிலும் ஈப்போவிலுமாகப் பலமுறை சந்தித்துப் பேசி, சண்டையும் போட்ட பிறகு, சரி என்றேன்.

கல்யாணமாகி வருடங்கள் ஓடிவிட்டன. லேப்டாப் இன்னும் உழைக்கிறது. இப்போதும் நான் ஜெலுத்தோங் வீட்டுக்குப் போனால், ஈப்போவில் இருக்கும் மாமியாரோடு எல்லோருமாக அதில்தான் பேசுவோம். பேசி முடிக்கும்போது அவர், 'சரி, வைக்கிறேன்' என்பார். வைக்கமாட்டார். அது எங்களுக்கும் தெரியும். உடனே அப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு உரக்க, "சம்பந்தியம்மா மாதிரி தங்கமான மனுஷி உண்டா?" என்பார். "முகத்துல என்ன ஒரு களை லா!" என்று அத்தை சேர்ந்துகொள்வார்.

லேப்டாப்பின் அடியிலிருந்து, கொசு முனகுவதுபோல் ஒரு குரல் வரும்:

"இன்னும் கொஞ்சம் சொல்லுங்க."